தென் ஐரோப்பியரின் முடி நிறமும் கண் நிறமும்: பழைய பட்டியல்களை எப்படிப் படிப்பது?

#1 · பழம்பட்டியல்

இத்தாலியப் படை மருத்துவர் ரிதோல்ஃபோ லிவி தொகுத்த உடலளவுப் பட்டியலை ஒரு தமிழ்க் கட்டுரைக்கு எடுத்தாள வேண்டியிருக்கிறது. 1859 முதல் 1863 வரை பிறந்து, படைக்கு எடுக்கப்பட்ட சுமார் 3 லட்சம் ஆண்களின் மருத்துவச் சீட்டுகளைக் கூட்டிச் செய்த கணக்கு அது. முதல் தொகுதி 1896இல் வெளிவந்தது. நாடு முழுவதற்குமான சராசரியில் பொன்னிற முடி 8.2%. வடகிழக்கில் உள்ள வெனெத்தோவில் 12.6%, சார்தீனியாத் தீவில் 1.7%.

மூன்று கேள்விகள்:

1. அந்தப் பட்டியலில் வெளிர் முடிக்கு உள்ள 'பியோந்தோ' என்ற இத்தாலியச் சொல்லை அப்படியே 'பொன்னிறம்' என்று எழுதலாமா?
2. ஒரே நாட்டுக்குள் ஏழு மடங்குக்கு மேல் வேறுபாடு எப்படி வந்தது? வடக்கிலிருந்து வந்த படையெடுப்பாளர்கள்தான் காரணம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சரியா?
3. தாய் தந்தை இருவருக்கும் பழுப்புக் கண். பிள்ளைக்கு நீலக்கண். இது அங்கே எவ்வளவு இயல்பு?

#2 · நிறமி

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

முடிக்கு இரண்டே நிறமிகள். யூமெலனின் கருப்பும் பழுப்பும் தரும். ஃபியோமெலனின் செம்மஞ்சள் தரும். பொன்னிற முடிக்கென்று தனி நிறமி கிடையாது. யூமெலனின் குறைந்துபோனால் அந்த நிறம். ஃபியோமெலனின் ஓங்கினால் செந்நிற முடி.

கண்ணில் நீல நிறமியே இல்லை. கண்பாவையைச் சுற்றியுள்ள நிற வட்டமான ஐரிஸின் பின்பக்க அடுக்கு, பிறவி நிறமிக் குறைபாடு (அல்பினிசம்) உள்ளவர்களைத் தவிர, எல்லாருக்கும் கருமையாகத்தான் இருக்கும். வேறுபாடு முன்பக்கத் திசுவில். அங்கே மெலனின் நிறைய இருந்தால் ஒளி உறிஞ்சப்பட்டுப் பழுப்பாகத் தெரியும். குறைவாக இருந்தால் அலைநீளம் குறைந்த நீல ஒளி சிதறித் திரும்பி நீலமாகத் தெரியும். வானம் நீலமாகத் தெரிவதற்கு நெருங்கிய காரணம்தான். நிறமிச் செல்களின் எண்ணிக்கை நீலக்கண்ணிலும் பழுப்புக்கண்ணிலும் ஏறக்குறைய ஒன்றே. செல்லுக்குள் இருக்கும் மெலனினின் அளவும் தன்மையும்தான் மாறுகின்றன.

தென் ஐரோப்பியக் கண்ணை உருப்பெருக்கிப் பார்த்தால் இது கண்கூடு. கண்பாவையைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு வளையம், அதன் ஓரம் ரம்பப் பல் போலக் கிழிந்து வெளிப்பக்கம் நீள்கிறது. அதற்கு வெளியே சாம்பல் கலந்த பச்சை. அங்கங்கே மிளகுப்பொடி தூவினாற்போலப் பழுப்புப் புள்ளிகள். இந்தக் கண்ணை 'நீலம்', 'பழுப்பு' என்ற இரண்டு கட்டங்களில் எதில் போடுவது? தென் ஐரோப்பியப் பட்டியல்களில் பாதிச் சிக்கல் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

#3 · சொல்லாடி

முதல் கேள்விக்கு: அப்படியே எழுதக் கூடாது. நிறச் சொல் அந்தந்த ஊர்ச் சராசரியை ஒட்டி நகரும். கருமுடி மிகுந்த ஊரில் சற்றே வெளிறிய முடிக்கும் 'பியோந்தோ' என்பார்கள். ஸ்பானியத்தில் 'ருபியோ'வும் அப்படித்தான். ஸ்வீடனில் பழுப்பு என்று எழுதப்படும் முடி அங்கே ருபியோ ஆகிவிடும். 'மொரேனோ' இன்னும் குழப்பம்: கருமுடிக்கும் அதே சொல், மாநிறத் தோலுக்கும் அதே சொல்.

'காஸ்தானோ' செஸ்நட் கொட்டையின் பெயரிலிருந்து வந்தது. நம் வாசகருக்குப் புளியங்கொட்டையின் பளபளப்பான பழுப்பைச் சொன்னால் உடனே விளங்கும். அதன் வெளிறிய வகையான 'காஸ்தானோ கியாரோ'வுக்குத் 'தவிட்டு நிறம்' பொருந்தும். 'பியோந்தோ'வை 'பொன்னிறம் முதல் தவிட்டு நிறம் வரை' என்று விரித்து எழுதினால் தவறு வராது.

'செம்பட்டை' என்ற சொல்லைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். தமிழில் அதைக் கேட்டதும் எண்ணெய் காணாமல் வெயிலில் வெளுத்த தலைதான் நினைவுக்கு வரும். கடும் புரதக் குறைவிலும் முடி செம்பட்டையாகும். பிறவி நிறத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டால் வாசகர் அதை நோயாகவோ வறுமையாகவோ படிப்பார். 'பூனைக்கண்' பேச்சுக்கு அழகான சொல். ஆனால் நீலம், சாம்பல், பச்சை, தேன் எல்லாவற்றையும் அதில் அடக்கிவிடுகிறோம். அட்டவணைக்கு ஆகாது.

இன்னொன்று: இத்தாலியின் பழைய தாள் அடையாள அட்டையில் உயரம், முடி, கண் என்று தனித்தனி வரிகள் இருந்தன. அதில் நிரப்பப்பட்டது நிறமானியின் அளவு அல்ல, வழக்குச் சொல். மின்னட்டை வந்தபோது முடியும் கண்ணும் விடுபட்டு உயரம் மட்டும் தங்கியது.

#4 · வெண்சமன்

சொல்லை நம்ப முடியாது என்பதால்தான் அளவுகோல்கள் வந்தன. கண்ணுக்கு ருடால்ஃப் மார்ட்டின் 1903இல் 16 கண்ணாடிக் கண்கள் கொண்ட பலகை செய்தார். முடிக்கு ஃபிஷர்–சாலர் அளவுகோல்: வெளிறிய பொன்னிறத்துக்கு ஏ, கருப்புக்கு ஒய், செந்நிறங்களுக்கு மட்டும் ரோமன் எண்கள் ஒன்று முதல் ஆறு வரை. இதில் ஒய்கென் ஃபிஷர் நாஜி இனக் கொள்கைக்குத் துணைநின்றவர். அளவுகோலின் எழுத்தை மேற்கோள் காட்டலாம். அதோடு ஒட்டிவந்த 'இன வகை' விளக்கங்களை எடுத்தாளக் கூடாது.

இன்று படம் எடுத்து அளப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

கண்: கண்பாவை 3 முதல் 4 மி.மீ. அளவில் இருக்கும்படி சீரான வெளிச்சம் வேண்டும். இருட்டறையில் பாவை விரிந்தால் ஐரிஸ் சுருங்கி, நிறமி நெருங்கி, கண் கருமையாகத் தெரியும். வளைய விளக்கின் பிரதிபலிப்பு பாவைக்குள் விழ வேண்டும், ஐரிஸ் மேல் விழக் கூடாது. கண்ணின் வெள்ளையை வைத்து வெண்சமன் செய்வது (கேமராவுக்கு எது வெள்ளை என்று காட்டுவது) பரவலான தவறு. அந்த வெள்ளை பலருக்குச் சற்று மஞ்சள். அதை வெள்ளையாக்கினால் படம் முழுக்க நீலம் ஏறி, சாம்பல் கண் நீலக்கண் ஆகிவிடும். 18% சாம்பல் அட்டையைக் கன்னத்தருகே பிடித்து முதல் படம் எடுங்கள். கைபேசியில் அழகூட்டும் வசதியை நிறுத்துங்கள். உள்வளைய நிறத்தையும் வெளிவளைய நிறத்தையும் தனித்தனியே குறியுங்கள். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் இல்லாத ஒரு நிறம் கிடைக்கும்.

முடி: பிடரியில், தலைத்தோலிலிருந்து 2 முதல் 3 செ.மீ.க்குள் பாருங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். ஆகவே 20 செ.மீ. நீள முடியின் நுனி கிட்டத்தட்ட இரண்டு கோடைகளைப் பார்த்த முடி. மத்தியதரைக் கடல் வெயிலின் புற ஊதாக்கதிர் மெலனினைச் சிதைக்கும். வேர் புளியங்கொட்டை நிறம், நுனி வைக்கோல் நிறம் என்று ஒரே தலையில் இருக்கும். ஈர முடியும் எண்ணெய் தடவிய முடியும் ஒரு படி கருமையாகத் தெரியும். நீச்சல் குளத் தண்ணீரில் செம்பு கலந்திருந்தால் வெளிர் முடியில் பச்சை ஏறும். சாயம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வேரைப் பாருங்கள். புருவத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இயல்பாகவே பலருக்குப் புருவம் தலைமுடியைவிடக் கருமை.

#5 · நிறமி

வெண்சமன் சொன்னதோடு, கணக்கில் சேர்க்கக் கூடாத கண்களையும் சொல்லிவிடுகிறேன். முதியவர்களின் பழுப்புக் கண்ணைச் சுற்றி நீலச் சாம்பல் வளையம் தோன்றும். அது விழிவெண்படல (கார்னியா) ஓரத்தில் கொழுப்புப் படிவது. ஐரிஸின் நிறம் அல்ல. தொலைவிலிருந்து பார்த்து 'நீலம்' என்று எழுதிவிடுவார்கள். கண் அழுத்த நோய்க்கு லட்டானோப்ரோஸ்ட் சொட்டு மருந்து போடுபவர்களுக்கு, அதுவும் பச்சையும் பழுப்பும் கலந்த கண்ணில், ஐரிஸ் மெல்லக் கருக்கும். மருந்தை நிறுத்தினாலும் பழைய நிறம் திரும்பாது. தென் ஐரோப்பாவில் கலப்பு நிறக் கண்கள் மிகுதி என்பதால் முதியோர் மாதிரியில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கைக்குழந்தைகளையும் விட்டுவிடுங்கள், ஐரிஸில் மெலனின் பிறந்தபின்தான் நிறைய ஏறுகிறது.

#6 · தொல்மரபு

இரண்டாம் கேள்வி. 'வடக்கத்தியார் கொண்டுவந்த நிறம்' என்ற கதையைத் தொல் டிஎன்ஏ பெரும்பாலும் கலைத்துவிட்டது.

தெற்கு இத்தாலியில், புலியா மாநில மோனோபோலி அருகே உள்ள குகையில் கிடைத்த கைக்குழந்தையின் எலும்பு சுமார் 17,000 ஆண்டுப் பழமை. ஒன்றரை வயதைத் தொடும் முன் இறந்த ஆண் குழந்தை. 2024இல் வெளியான மரபணு ஆய்வின்படி நீலக்கண், சுருண்ட கருமுடி, கருமை சார்ந்த தோல். ஸ்பெயினில் லியோன் மாகாணத்து லா பிரான்யா குகை வேட்டையாடி சுமார் 7,000 ஆண்டுக்கு முந்தியவர். 2014 ஆய்வில் அவருக்கும் கருந்தோலும் நீலக்கண்ணும். இத்தாலியின் ஆல்ப்ஸ் பகுதியில் வில்லாப்ரூனாவில் கிடைத்தவர் சுமார் 14,000 ஆண்டுப் பழமை. அவரிடமும் வெளிர்கண் அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) இருக்கிறது. ஆக, நீலக்கண் தென் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து அண்மையில் வந்த சரக்கு அல்ல. அந்த மண்ணின் வேட்டையாடிகளிடமே இருந்தது.

அதன்பின் அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கி) உழவர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலும் பழுப்புக்கண். 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில் 3,210 மீட்டர் உயரப் பனியில் கிடைத்த 'பனி மனிதன்' ஊட்சி 5,300 ஆண்டுப் பழமை, பழுப்புக்கண், கருமுடி. 2023இல் மறுபடி செய்த ஆய்வில் அவர் தோல் முன்பு நினைத்ததைவிடக் கருமை என்று தெரிந்தது, தலையில் வழுக்கைக்கான மரபும் இருந்தது. இன்றைய மக்களில் அந்த உழவர் மரபை மிக அதிகம் தக்கவைத்தவர்கள் சார்தீனியர்கள். லிவியின் 1.7%க்கு அருகில் இந்தச் செய்தியை வைத்துப் பாருங்கள்.

அடுத்து வந்த, கருங்கடலுக்கு வடக்கிலுள்ள புல்வெளி மக்களான யம்னாயாக்களும் பெரும்பாலும் பழுப்புக்கண்ணும் கருமுடியும் உள்ளவர்கள்தான். பொன்னிற முடிக்கு ஒரு முக்கியக் காரணமான கேஐடிஎல்ஜி மரபணு மாற்றம் இதுவரை கிடைத்ததில் மிகப் பழமையாகத் தெரிவது சைபீரியாவின் அஃபோன்தோவா கோராவில், சுமார் 17,000 ஆண்டுக்கு முன்பு. நீலக்கண் ஒரு வழி, பொன்னிற முடி வேறு வழி, வெளிர் தோல் இன்னொரு வழி. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வந்தன என்று நினைக்கும்போதுதான் 'படையெடுப்பாளர்' கதை பிறக்கிறது.

#7 · நெய்தல்_வரைபடம்

அப்படியென்றால் பெனெவென்தோ? தெற்கு இத்தாலியின் பழைய நிற வரைபடங்களில் அந்த வட்டாரம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட வெளிறித் தெரிகிறது. வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜெர்மானியக் குடியினரான லங்கோபார்துகளின் தெற்குத் தலைநகரும் அதுதான். 568இல் இத்தாலிக்குள் வந்தவர்கள், 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே ஆண்டிருக்கிறார்கள். இதைவிட நேரான சான்று வேண்டுமா?

#8 · தொல்மரபு

பொருந்திப் போவது சான்று ஆகாது. வரைபடத்தில் ஒரு வட்டாரம் வெளிறித் தெரிய மூன்று வழி உண்டு: வந்தவர்களின் மரபு, சிறிய மக்கள்தொகையில் தற்செயலாக ஒரு அல்லீல் பெருகுவது, அந்த வட்டாரச் சீட்டு எழுதிய மருத்துவரின் கண். வரைபடத்தை மட்டும் பார்த்து மூன்றையும் பிரிக்க முடியாது. லிவியே 400 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களையும் கீழுள்ள ஊர்களையும் பிரித்துப் பார்த்து, மேட்டு ஊர்களில் வெளிர்நிறம் சற்றுக் கூடுதல் என்று கண்டார். பெனெவென்தோவும் மலை சூழ்ந்த நாடு.

லங்கோபார்துகள் தடமில்லாமல் போனார்கள் என்றும் சொல்ல வரவில்லை. தூரினுக்கு அருகே கொலெஞ்ஞோ இடுகாட்டின் எலும்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில் வட ஐரோப்பிய மரபினரும் தென் ஐரோப்பிய மரபினரும் ஒரே இடுகாட்டில் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. பெனெவென்தோவுக்கும் அப்படி எலும்பிலிருந்து பேச வேண்டும். முடி நிறத்திலிருந்து பேசக் கூடாது. சிசிலியின் வெளிர்நிறத்துக்கு அங்கே ஆண்ட நார்மன்களைக் காரணம் காட்டும் கதைக்கும் இதே பதில்: ஆளும் கூட்டம் எண்ணிக்கையில் சிறியது, வெளிர்கண் அல்லீல் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தெற்கில் இருக்கிறது.

#9 · ஈரிலக்கம்

மூன்றாம் கேள்விக்குக் கணக்கு போட்டே காட்டலாம்.

பழுப்பா நீலமா என்பதைப் பெருமளவு முடிவு செய்வது 15ஆம் குரோமோசோமில் ஒரே எழுத்து: ஹெர்க்2 மரபணுவுக்குள் இருக்கும் ஆர்எஸ்12913832 என்று எண்ணிடப்பட்ட இடம். 'ஏ' பழுப்புப் பக்கம், 'ஜி' நீலப் பக்கம். அந்த இடம் ஒரு முடுக்கி. சுமார் 21,000 எழுத்து தள்ளியிருக்கும் ஓசிஏ2 மரபணுவை, டிஎன்ஏ வளைந்து தொட்டு, இயக்குகிறது. 'ஜி' இருந்தால் பிடிப்பு தளர்ந்து ஓசிஏ2 மந்தமாகும், மெலனின் குறையும்.

பல நாட்டவரின் டிஎன்ஏவைப் படித்த ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் பின்லாந்து மாதிரியில் 'ஜி' பத்தில் ஒன்பதை ஒட்டி இருக்கிறது. தஸ்கனியிலும் ஸ்பெயினிலும் பாதிக்கும் கீழ். கணக்கு எளிதாக இருக்க 0.4 என்று வைத்துக்கொள்வோம்:

ஜிஜி = 0.4 × 0.4 = 16%
ஏஜி = 2 × 0.4 × 0.6 = 48%
ஏஏ = 0.6 × 0.6 = 36%

பழுப்புக்கண்காரர்கள் 84%. அவர்களில் 48 பங்கு ஒரு 'ஜி'யைச் சுமக்கிறார்கள், அதாவது 57%. இரண்டு பழுப்புக்கண்காரர்கள் மணந்தால் இருவரும் சுமப்பவர்களாக இருக்க வாய்ப்பு 0.57 × 0.57, அதாவது சுமார் 0.33. அதில் நான்கில் ஒரு பிள்ளை ஜிஜி. விடை சுமார் 8%. பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்று. குடும்பத்தில் யாரையும் சந்தேகிக்க இதில் இம்மியும் இடமில்லை.

நம் வாசகர்களுக்கு ஒரு தொடர்பு: அதே திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் மாதிரியும் உண்டு. அங்கே 'ஜி' மிக அரிது. ஆனால் வெளிர் தோலோடு தொடர்புள்ள எஸ்எல்சி24ஏ5 மரபணு மாற்றம் ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லாரிடமும் இருப்பதுபோல், தென்னாசியாவிலும் பரவலாக இருக்கிறது. தொல்மரபு சொன்ன 'தனித்தனி வழி' என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

#10 · நிறமி

ஈரிலக்கத்தின் கணக்கு சரி. ஆனால் ஏஜி எல்லாம் பழுப்பு, ஜிஜி எல்லாம் நீலம் என்று எடுத்துக்கொண்டால் தெற்கில் அடிபடுவோம். ஓசிஏ2இல் உள்ள ஆர்எஸ்1800407 மாற்றம் பல கண்களைப் பச்சை, தேன் பக்கம் இழுக்கும். எஸ்எல்சி45ஏ2 மரபணுவின் வெளிர் வடிவம் வடக்கில் கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருக்கிறது. தெற்கே வரவரக் குறைகிறது. ஒரே ஜிஜி வடக்கில் தெளிந்த நீலமாகவும் தெற்கில் பழுப்பு வளையம் வைத்த சாம்பலாகவும் தெரிய இத்தகைய துணை மரபணுக்கள் காரணமாகலாம்.

தடயவியலில் பயன்படும் ஐரிஸ்பிளெக்ஸ் சோதனை 6 இடங்களைப் பார்க்கிறது. முடியையும் சேர்த்த எச்ஐரிஸ்பிளெக்ஸ் 24 இடங்களை. நீலத்தையும் பழுப்பையும் நன்றாகச் சொல்லும். இடைநிறத்தில் தடுமாறும். இடைநிறம் மிகுந்த தென் ஐரோப்பாவில் அந்தத் தடுமாற்றம் கூடுதலாக வெளிப்படும். மூன்று நிறங்களில் எதற்குமே 0.7 நிகழ்தகவு வராவிட்டால் 'முடிவில்லை' என்று எழுதுவதே முறை. பெரிய எண்ணை எடுத்து நிறம் சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

2013இல் ஸ்பெயின் மாதிரிகளில் இன்னொன்று தெரிந்தது. ஒரே மரபணு அமைப்புள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் பெண்ணின் கண் கருமைப் பக்கம் சாய்கிறது. முடியில் எதிர்த்திசை: சுமார் 2.9 லட்சம் ஐரோப்பிய மரபினரை வைத்து 2018இல் வந்த ஆய்வில் பெண்களுக்குத்தான் வெளிர் முடி கூடுதல் என்று பதிவானது. லிவியின் பட்டியலில் ஆண்கள் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம்.

முடிக்கு வயது பெரிய இடையூறு. நான்கு வயதில் வைக்கோல் நிறம், இருபதில் புளியங்கொட்டை நிறம் என்பது அங்கே மிகச் சாதாரணம். டிஎன்ஏ 'பொன்னிறம்' என்று சொல்லி, ஆள் கருமுடியோடு நிற்கும் பிழைகளில் பெரும்பகுதி இப்படிப் பின்னால் கருத்த தலைகள்.

#11 · நெய்தல்_வரைபடம்

செந்நிற முடி தெற்கில் அரிது, ஆனால் செந்நிறத் தாடி அப்படியில்லையே? தலை பழுப்பு, தாடி செம்பு.

#12 · நிறமி

ஆம். செந்நிறத் தலைக்குப் பெரும்பாலும் எம்சி1ஆர் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் வலுவான மாற்றம் வேண்டும். ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் தலை பழுப்பாகவே இருந்து தாடியில் மட்டும் செம்மை தெரியலாம். மத்தியதரைக் கடல் நாடுகளில் வி60எல் என்ற மாற்றம் பரவலாக உண்டு. அது வலுவற்றது, அதைச் சுமப்பதாலேயே தலை சிவந்துவிடாது. ஆகவே 'எம்சி1ஆர் மாற்றம் உள்ளவர்' என்ற எண்ணிக்கையைச் 'செந்நிற முடியினர்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

#13 · சொல்லாடி

ஓவியங்களையும் சிலைகளையும் சான்றாகக் காட்டுவோருக்கு ஒரு குறிப்பு. மறுமலர்ச்சிக் கால வெனிஸில் பெண்கள் கூரைமேல் 'அல்தானா' என்ற மரப்பரணில் உட்கார்ந்து, 'சொலானா' என்ற உச்சியில்லாத தொப்பியின் துளை வழியே முடியை வெளியே எடுத்து விளிம்பில் விரித்து, வெளுக்கும் கரைசல் தடவி வெயிலில் காயவைத்தார்கள். முகத்துக்கு நிழல், முடிக்கு வெயில். அக்கால வெனிஸ் ஓவியங்களின் செம்பொன் கூந்தலில் எவ்வளவு பிறவி, எவ்வளவு பரண் என்று பிரிக்க வழியில்லை. வெனெத்தோவின் 12.6%க்கு அந்த ஓவியங்களைத் துணைக்கு அழைக்காதீர்கள். அது படைவீரர்களின் தலை. ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் 'பொன்முடி இளைஞன்' எனப்படும் பளிங்குத் தலையில் மஞ்சள் சாயத்தின் எச்சம் உண்டு. அது சிற்பியின் தேர்வைச் சொல்கிறது, ஊரின் சராசரியை அல்ல.

#14 · பழம்பட்டியல்

எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதலாமா: "1859–1863இல் பிறந்த இத்தாலியப் படைவீரர்களில் 8.2 விழுக்காட்டினரின் முடியை மருத்துவர்கள் 'பியோந்தோ' என்று பதிந்தார்கள். இச்சொல் பொன்னிறம் முதல் தவிட்டு நிறம் வரை குறிக்கும். வெனெத்தோவில் 12.6%, சார்தீனியாவில் 1.7%."

#15 · வெண்சமன்

இரண்டு திருத்தம். "படைவீரர்களில்" என்பதை "சுமார் இருபது வயதில் படைக்கு எடுக்கப்பட்ட ஆண்களில்" என்று மாற்றுங்கள். வயதும் பாலும் அந்த ஒரே தொடரில் வந்துவிடும். கண் நிற அட்டவணையையும் சேர்ப்பதானால் முடியோடு ஒரே வரியில் கூட்ட வேண்டாம், தனித்தனிப் பத்தியாக விடுங்கள். வெளிர்கண்ணோடு கருமுடி உள்ளவர்கள் அங்கே ஏராளம். கூட்டினால் அவர்கள் அட்டவணையிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.